உத்தியோகம் தேடும் பெண்ணுக்குக் கோட்டு எதற்கு?

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள். இதைச் சொல்லாத வீடு இல்லை. ஆனால், ஆடை என்றால் எந்த ஆடை? விலை உயர்ந்த ஆடையா? ஊரார் போடும் ஆடையா? அல்லது நம் உடம்புக்கு அளவாகப் பொருந்தும் ஆடையா?

இண்டர்வியூவுக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீடுகளில், இன்று இது பெரிய கேள்வி ஆகிவிட்டது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா நூல் மில்லுக்குப் போகிறார். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அந்தக் குடும்பத்திலேயே பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள்தான். இறுதி ஆண்டில், கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. “பேண்ட், சட்டை, கோட்டு அணிந்து வரவும்” என்று அதில் எழுதியிருக்கிறது.

“அம்மா, அடுத்த வாரம் இண்டர்வியூ. கோட்டு போட்டுக்கிட்டு வரணுமாம்.”

“கோட்டா? அது எவ்வளவு ஆகும், கண்ணு?”

மகள் பதில் சொல்லவில்லை. அம்மாவின் கை, காதில் கிடக்கும் கம்மலைத் தடவிப் பார்க்கிறது.

இது நாம் கற்பனை செய்த குடும்பம்தான். ஆனால், இப்படிப்பட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம், 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெரிய உதவி என்று நினைக்கும் வீட்டில், ஒரு நாள் அணிவதற்குப் பல ஆயிரம் ரூபாயில் கோட்டு வாங்குவது நியாயமா?

நியாயம் இல்லை என்பதே நம் கருத்து.

குளிர் நாட்டு உடை

கோட்டு, குளிர் நாட்டில் பிறந்த உடை. அங்கே அது அவசியம். இங்கே, சித்திரை வெயிலில் பஸ்சில் நின்றுகொண்டு வரும் பெண்ணுக்கு அது தண்டனை. இண்டர்வியூ அறைக்குள் நுழையும்போதே வியர்வையில் நனைந்து போவாள். எங்கிருந்து தைரியம் வரும்?

வெள்ளைக்காரர் ஆட்சியில், நம் ஊர் வக்கீல்களும் வாத்தியார்களும் வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆண்கள் கழற்றிப் போட்ட பாரத்தைப் பெண்கள் எடுத்துச் சுமக்க வேண்டுமா?

நம் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றித் தமிழக அரசு 2019-ல் ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் புடவை கட்டலாம். துப்பட்டாவுடன் சல்வார் கமீஸோ, சுடிதாரோ அணியலாம். நிறம் கண்ணை உறுத்தாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்! மாநிலத்தையே நடத்தும் அலுவலகத்துக்கு இந்த உடை போதும் என்றால், ஒரு கம்பெனிக்குப் போதாதா?

கடை உடை ஏன் பொருந்துவதில்லை?

ரெடிமேட் உடையில் எஸ், எம், எல் என்று அளவு போட்டிருக்கும். ஒரு கடையின் ‘எம்’ சரியாக இருக்கும். அடுத்த கடையின் ‘எம்’ பிடிக்கும். தோள் சரியாக இருந்தால் இடுப்பு தொளதொள என்று தொங்கும். “என் உடம்புதான் சரியில்லை” என்று பெண் வருத்தப்படுகிறாள்.

குற்றம் உடம்பில் இல்லை, அளவில்தான் இருக்கிறது. ரெடிமேட் அளவுகளில் பல, அமெரிக்க, ஆங்கிலேய உடம்புகளை வைத்து வந்தவை. இந்தியருக்கு என்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்பதற்காக, 2018-ல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ‘நிப்ட்’ எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிலையத்திடம் அந்த வேலை கொடுக்கப்பட்டது. 6 நகரங்களில் 25,000 பேரை அளப்பது என்பது திட்டம். ஒரு நாடே அளவுநாடாவைக் கையில் எடுக்கவேண்டி வந்தது என்றால், கடையில் உடை பொருந்தாத பெண் வெட்கப்படுவானேன்?

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடைகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால், அவை வெளிநாட்டாருக்குத் தைத்தவை என்பதை மறக்கக்கூடாது. போட்டுப் பார்க்காமல் வாங்கினால் மலிவும் நஷ்டம்தான்.

துணியில் மிச்சம், தையலில் செலவு

அப்படியானால் என்ன செய்வது? துணியில் மிச்சம் பிடியுங்கள், தையலுக்குக் கொடுங்கள். சாதாரணப் பருத்தித் துணியை நல்ல தையல்காரர் அளவாகத் தைத்தால் கண்ணியமாக இருக்கும். விலை உயர்ந்த துணி என்றாலும் அளவு தப்பினால், இரவல் உடைபோல் தோன்றும்.

ஈரோட்டில் திங்கள் இரவும் செவ்வாய்க்கிழமையும் ஜவுளிச் சந்தை கூடுகிறது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறித் துணிகள் தள்ளுபடி விலையில் கிடைக்கும் காலம் உண்டு. பெண் கல்லூரியின் கடைசி ஆண்டில் கால் வைத்ததுமே ஒரு துணி எடுத்து வைத்துவிடுங்கள். இண்டர்வியூ கடிதம் வந்த பிறகு ஓடினால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. தீபாவளி நேரத்தில் தையல்காரர் துணியையே வாங்கமாட்டார்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு:

பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன்பு தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே உடை சுருங்கிவிடும்.

நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். வாயால் சொல்லும் அளவைவிட அது நிச்சயமானது.

உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு சற்றுப் பூசினாலும் தையலைப் பிரித்துவிட்டு அதையே அணியலாம்.

வெளிர் நிறத் துணி என்றால் லைனிங் கொடுக்கவேண்டும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தைத்து வந்ததும் பெண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்று பார்த்தால் போதாது. நாற்காலியில் உட்காரட்டும். கையைத் தூக்கட்டும். குனிந்து ஒரு காகிதத்தை எடுக்கட்டும். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கிறதா? கைக்குழி பிடிக்கிறதா? உட்காரும்போது உடையை இழுத்து இழுத்து விடவேண்டியிருக்கிறதா? இண்டர்வியூவில் பெண்ணின் கவனம் கேள்வியில் இருக்கவேண்டும், உடையில் இருக்கக்கூடாது. அளவான உடை வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒருமுறையாவது அந்த உடையோடு வெளியே போய் வரட்டும். புது உடையும் புதுச் செருப்பும் முதன்முதலாக இண்டர்வியூ அன்றுதான் என்பது வேண்டாம்.

புடவையின் பெருமை

புடவைக்கு அளவு கிடையாது. ஒல்லியான பெண்ணுக்கும், பருத்த பெண்ணுக்கும் அதே ஐந்தரை மீட்டர்தான். அக்காவின் புடவையைத் தங்கை கட்டலாம். சித்தியின் புடவையை வாங்கிக் கட்டலாம். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட சுங்குடிப் புடவைக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை உண்டு. ஜாக்கெட் ஒன்று மட்டும் அவரவர் அளவுக்குத் தைத்துக்கொண்டால் போதும்.

ஆனால், புடவை கட்டிப் பழகாத பெண்ணை அதற்கு வற்புறுத்தக்கூடாது. கொசுவம் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்துடன் போனால், தெரிந்த பதிலும் மறந்துபோகும். பழகிய உடையே நல்ல உடை.

கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும்

சிலர் கேட்கலாம்: “கோட்டுப் போட்டவளைத்தானே எடுக்கிறார்கள்? நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். வேலை போனால் யார் பொறுப்பு?”

நியாயமான கேள்வி. ஆகவேதான் இந்தப் பொறுப்பைப் பெண் தலையில் மட்டும் போடக்கூடாது என்கிறோம். ஆள் எடுக்க வரும் கம்பெனிகள், “சுத்தமான, எளிமையான எந்த உடையும் சரி, புடவை, சுடிதார் அணியலாம்” என்று அறிவிப்பில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும். அந்த ஒரு வரிக்குக் காசு செலவு இல்லை. ஆனால் பல அம்மாக்களின் கம்மலை அது அடகுக்கடைக்குப் போகாமல் காப்பாற்றும்.

வேலைக்கே கோட்டு அவசியம் என்கிற இடங்களும் சில உண்டு. அதற்குக் கல்லூரிகள் வழி செய்யலாம். அமெரிக்காவில் நான்சி லப்ளின் என்ற சட்டக் கல்லூரி மாணவி, கொள்ளுத்தாத்தா விட்டுச்சென்ற 5,000 டாலரைக் கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். ‘டிரஸ் பார் சக்சஸ்’ என்று பெயர். 1997-ல் நியூயார்க்கில் அது வேலை செய்யத் தொடங்கியது. இண்டர்வியூவுக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கு உடை கொடுப்பதுதான் அதன் பணி. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அந்தச் சங்கம் செய்ததை, ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அலமாரி அளவிலாவது செய்யலாமே! வேலை கிடைத்துப் போன பெண்கள் தாங்கள் அணிந்த உடையைச் சலவை செய்து, அடுத்து வரும் தங்கைகளுக்காக அந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு யோசனை. நம் மாநிலத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடைகளைத் தைப்பவர்கள் அந்தச் சங்கத்துப் பெண்கள்தான். அவர்களே கல்லூரிக்கு வந்து, கடைசி ஆண்டு மாணவிகளுக்கு அளவெடுத்து, குறைந்த கூலிக்கு ஓர் உடை தைத்துக் கொடுத்தால் என்ன? தைப்பவளுக்குக் கூலி, அணிபவளுக்குத் தைரியம். ஒரே நூலில் இரண்டு குடும்பம் பிழைக்கும்.

படிப்பு வாங்கித் தந்த வாய்ப்பைத் துணி பறித்துவிடக்கூடாது. பெற்றோர்களே, கடன் வாங்கிக் கோட்டு எடுக்காதீர்கள். அளவெடுத்து ஒரு சுடிதார் தைத்துக் கொடுங்கள். அல்லது நல்ல புடவை ஒன்றைக் கஞ்சி போட்டுக் கொடுங்கள். கேட்ட கேள்விக்கு உங்கள் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.