நீர் மாத்திரையும் நைட் ஷிப்டும்

"மாத்திரைய ஒழுங்காப் போட்டிருந்தா மறுபடி ஏன்யா அட்டாக் வருது?" இந்த வசவை வாங்காத இதய நோயாளி அபூர்வம். டாக்டர் திட்டுவார், மனைவி திட்டுவார், பார்க்க வந்த சித்தப்பாவும் தன் பங்குக்குத் திட்டிவிட்டுப் போவார். மருந்தை விட்டவர் அலட்சியக்காரர் என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆள் அகப்பட்டுவிட்டார், இனி யாரும் எதையும் விசாரிக்க வேண்டாம் அல்லவா!

ஹைதராபாத் மல்லாபூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனம், காலையில் நீர் மாத்திரை. போட்டால் அடுத்த சில மணி நேரம் கழிப்பறைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெஷினை விட்டு நகர முடியாதவர், நெரிசல் பஸ்ஸில் நின்றபடி வருகிறவர் என்ன செய்வார்? வேலை நாளில் மாத்திரையைத் தள்ளிவிடுவார். நைட் ஷிப்ட் வாரத்தில் மருந்துச் சீட்டிலுள்ள 'காலை', 'இரவு' இரண்டுமே தலைகீழ். உப்பைக் குறைக்கச் சொல்கிறோம். அவர் சாப்பிடுவதோ மெஸ்ஸில். பப்புக்கும் ஆவக்காய்க்கும் உப்புப் போட்ட கை வேறு. இதயத்துக்காகக் கொடுக்கும் ரேமிப்ரில் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மருந்தால் வந்தது என்று தெரியாமல் டானிக் குடித்துப் பார்த்து, அலுத்து, கடைசியில் "சூடு" என்று அந்த மாத்திரையையே நிறுத்துவார். டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் தொல்லை அது.

வேலை நாளில் நீர் மாத்திரையைத் தள்ளிவிடுவது, இன்றைய கூலியையும் என்றோ வரப்போகும் மாரடைப்பையும் எடைபோட்டு எடுத்த முடிவு. தப்பான முடிவுதான், அலட்சியம் அல்ல.

17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2011இல் வெளியானது. இந்தியாவும் அடங்கிய ஏழை நாடுகளில், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதத்தினர் அவசியமான மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பணக்கார நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 11 சதவீதம். ஸ்வீடன்காரருக்கும் நமக்கும் ஒழுக்கத்தில் இவ்வளவு தூரமா?

விலைதான் காரணம் என்று உடனே முடித்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களுக்கு மருந்தை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களின் விகிதம் 4 முதல் 6 புள்ளிதான் ஏறியது.

ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சிகிச்சையில் நாம் கெட்டிக்காரர்கள். ஆந்திராவின் இலவச சிகிச்சைத் திட்டமான ஆரோக்யஸ்ரீ 2007இலேயே வந்துவிட்டது. 2017இல் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தோம். வைத்த ஸ்டென்ட் அடைபடாமலிருக்கத் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை மட்டும் பல நோயாளிகளுக்குச் சொந்தப் பிரச்சினை. மாதாமாதம் மருந்து வாங்க வரிசையில் நின்றால் வருடத்தில் 12 நாள் கூலி போச்சு. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதைத்தான் திருப்பிப் போட்டது: ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

அலட்சியக்காரரே கிடையாது என்று நான் வாதாடவில்லை. ஸ்டென்ட் வைத்த மறுவாரமே பீடி பற்றவைத்தவரை எனக்கும் தெரியும். அவரை வைத்து மற்ற எல்லோரையும் அளப்பதுதான் அநியாயம்.

நீர் மாத்திரையின் நேரத்தைப் பல சமயம் டாக்டரே மாற்றித்தர முடியும். அதற்கு "எந்த ஷிப்ட்?" என்று அவர் கேட்க வேண்டும். நான் துணைக்குப் போன ஓபி எதிலும் அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததில்லை.