குறை ஒன்று சொல்லுங்கள்

'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஒரு விடைதான் புழக்கத்தில் இருக்கிறது. "ஐ ஆம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், சார்." எதையும் துளிப் பிசகில்லாமல் முடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது இதன் பொழிப்புரை. இந்த விடைக்கு இரண்டு தம்பிகளும் உண்டு. 'யார் எந்த வேலை கொடுத்தாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது', 'வேலையில் உட்கார்ந்தால் சாப்பாடே மறந்துபோகும்'. வரிசையாக அரியர் வைத்து, கடைசி செமஸ்டரில் எப்படியோ கரையேறிய பையனும் இதே பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்தான்.

கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கும் முன் சில கல்லூரிகள் மாக் இன்டர்வியூ நடத்தும். வெளியாட்கள் சிலரைக் கூப்பிட்டுப் பேனலில் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியில் நானும் அவ்வப்போது உட்காருவதுண்டு. டென்த், ட்வெல்த், டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் கூடாது என்ற வேலிகளைத் தாண்டிய பிள்ளைகள், இஸ்திரி போட்ட சட்டையும் இரவல் ஷூவுமாக, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வரிசையில் நிற்பார்கள். ஆப்டிட்யூட், டெக்னிக்கல் எல்லாம் முடிந்து கடைசியில் வருகிற ஹெச்.ஆர். ரவுண்டில்தான் இந்தக் கேள்வி விழும். ட்ரெய்னர்கள் அதற்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: பலவீனம் மாதிரி ஆரம்பித்து, பலமாக முடித்துவிடு.

ஒரு மாணவி அந்தச் சூத்திரத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். "கடைசியா எந்த வேலையை அப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்கம்மா?" என்று கேட்டேன். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பக்கத்திலிருந்த பேராசிரியர், "பயப்படாம சொல்லும்மா" என்றார். "இல்ல சார்... அப்படித்தான் சொல்லணும்னு கிளாஸ்ல சொன்னாங்க" என்றார் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று முழுக்க அந்த அறையில் யாரும் அவ்வளவு நேராகப் பதில் சொல்லவில்லை.

இல்லாத குறையை ஒப்புக்கொள்ளவும் இருக்கிற குறையை மூடிக்கொள்ளவும் பிள்ளைகளைப் பழக்குகிறோம். இந்தத் தந்திரம் பலித்தாலாவது பரவாயில்லை. பலிப்பதும் இல்லை. ஓவுல் செசர், ஃபிரான்செஸ்கா ஜீனோ, மைக்கேல் நார்ட்டன் மூவரும் அடக்கத்தின் போர்வையில் வரும் தற்பெருமையைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உங்கள் பெரிய பலவீனம் என்ன என்று கேட்டபோது, மாணவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் பலத்தையே பலவீனமாக வேடமிட்டு எழுதினார்கள். அந்த விடைகளைப் படித்து மதிப்பிட்டவர்கள் வேலைக்கு எடுக்க விரும்பியதோ உள்ளதைச் சொன்னவர்களை. நேரடியாகப் பீற்றிக்கொள்பவரைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பணிவு வேடத்தில் பீற்றுபவரை நம்ப மாட்டேன் என்கிறார்கள். (மூவரில் ஒருவரான ஜீனோ மீது வேறு சில ஆய்வுகளில் தரவுகளைத் திரித்ததாகப் புகார் எழுந்தது. அவர் மறுத்தார். ஆனாலும் 2025இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருடைய நிரந்தரப் பதவியைப் பறித்தது. புகாருக்கு உள்ளானவற்றில் ஒன்று நேர்மையைப் பற்றிய ஆய்வு! பலவீனக் கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை.) பேனலில் ஒரு மதியம் உட்கார்ந்தவருக்கு இதை நிரூபிக்க ஆய்வே வேண்டாம். பத்தாவது பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் உள்ளே வரும்போது பேனா தானாகவே மூடிக்கொள்ளும்.

அப்படியானால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1966இல் மின்னசோட்டா மாணவர்களுக்குச் சில ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் வினாடி வினாவில் 92 சதவீதம் சரியாகச் சொல்லும் கெட்டிக்காரர். இன்னொன்றில் 30 சதவீதம் மட்டும் சொல்லும் சுமார் ரகம். இருவரும் முடிவில் காபியைத் தங்கள் மேலேயே கொட்டிக்கொள்வது போல வேறு நாடாக்களும் உண்டு. காபியைக் கொட்டிய கெட்டிக்காரரைக் கேட்டவர்களுக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்தது. சுமார் ஆசாமிக்கோ இருந்த மதிப்பும் போனது. குறையைக் காட்டி நல்ல பெயர் வாங்குவது, ஏற்கெனவே நல்ல பெயர் வாங்கியவருக்குத்தான் கைகூடும் என்று அர்த்தம்.

பெரிய கல்விக்கூடத்தின் முத்திரையோடு வருபவர் 'எனக்குக் கூட்டத்தில் பேச வராது' என்றால் அடக்கம் என்பார்கள். மாவட்டத் தலைநகருக்கு அப்பால், வயலுக்கு நடுவே முளைத்த கல்லூரியின் பையன் அதையே சொன்னால் 'கம்யூனிகேஷன் வீக்' என்று தாளில் குறிப்பார்கள். 'உண்மையைச் சொல், மதிப்பு கூடும்' என்று முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் உபதேசிக்கும் முன் இந்த விலை வித்தியாசத்தை நாம் யோசிக்க வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவருடைய தடுமாற்றம் வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவருக்கும் தெரியும், பேனலுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்கிறார்; பேனலும் தலையாட்டுகிறது.

கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எந்த வேலைக்கு என்று சொல்லாமல் ஒருவருடைய பலவீனத்தைக் கேட்க முடியாது. நிதானமாக வேலை பார்க்கும் ஒருவரை வங்கிக் கவுன்டரில் உட்கார வைத்தால் வரிசை வாசல் தாண்டிப் போகும். அவரையே தணிக்கையில் போடுங்கள். யார் கண்ணிலும் படாத ஐந்து ரூபாய் வித்தியாசத்தைத் தோண்டி எடுத்துவிடுவார். எதையும் நம்பாத சந்தேகப் பிராணி விற்பனைக்கு லாயக்கில்லை. மென்பொருள் டெஸ்டிங்கில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆளைப் பார்த்தால் மட்டும் குறை தெரியாது, வேலையை அவர் பக்கத்தில் நிறுத்தினால்தான் தெரியும்.

இதைப் பிடித்துக்கொண்டால் விடை சொல்வதும் சுலபம். ஒரு கல்லூரியில் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "போன்ல பேசினதை மறந்துடுவேன் சார். அதனால பேசி முடிச்ச உடனே என்ன பேசினோம்னு ரெண்டு வரி மெயில் போட்டுடுவேன். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கும்போது ஆரம்பிச்ச பழக்கம். இப்ப ஸ்பான்சர்களே 'தம்பி, மெயில் எங்கப்பா?'ன்னு கேக்கறாங்க." குறை உண்மையானது. அதைச் சமாளிக்க அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். அந்த வழி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. அத்தோடு நிறுத்திக்கொண்டான், தன் குறையை வர்ணித்து அனுதாபம் தேடவில்லை. அதற்கு முன் பத்து நிமிடம் தன் ப்ராஜெக்டைத் தெளிவாக விளக்கியிருந்தான் என்பது முக்கியம். திறமை முதலில் வந்துவிட்டதால் அரான்சனின் காபி அவனுக்குச் சாதகமாகவே கொட்டியது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. வேலையின் அடிமடியிலேயே கை வைக்கும் குறையைச் சொல்வதில் பயனில்லை. கணக்காளர் வேலைக்குப் போய்க் கணக்கு வராது என்று சொல்பவர் அந்த வேலைக்கு விண்ணப்பிக்காமலேயே இருக்கலாம். உடம்பு, குடும்பக் கடன், வீட்டுச் சண்டை எதையும் பேனல் முன் கொட்ட வேண்டியதில்லை. பெண்களிடம் மட்டும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருவதைக் கேட்டிருக்கிறேன். "கல்யாணம் எப்பம்மா? அப்புறமும் வேலைக்கு வருவீங்களா?" திருமணத்தைப் பலவீனப் பட்டியலில் சேர்த்தவர்தான் அப்படிக் கேட்கிறார். "இந்த வேலைக்கு என்ன நேரம், எங்கெல்லாம் பயணம் என்று சொல்லுங்கள், என்னால் முடியுமா என்று சொல்கிறேன்" என்பதே அதற்குப் போதுமான பதில். பேச்சு மறுபடி வேலைக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவு நேரம் பதில் சொல்பவரைப் பார்த்தோம். கேட்பவர் பக்கம் என்ன நிலைமை? தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் 150 பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார். 1921இல் அவை பத்திரிகையில் வெளியாகி அமெரிக்கா முழுக்க அமர்க்களப்பட்டது. அந்த ஆண்டு பாஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதை மனதில் சுமப்பதில்லை என்றார். எடிசன் கணக்கில் அவர் ஃபெயில்! விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகள் நேரத்தை வீணாக்கின என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவின என்பது அவர் கருத்து.

நேர்காணலே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998இல், 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை முன்கூட்டிக் கணிப்பதில், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணல் பின்தங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலும், வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும் முன்னே நின்றன. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எண்கள் இறங்கின, திட்டமிட்ட நேர்காணல் முதலிடத்துக்கே வந்தது. நம் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே எடுத்துவிட்டது, சிபாரிசும் பணமும் அந்த வழியாக நுழைகின்றன என்பதால். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதும் லட்சக்கணக்கானவர்களுக்கும் நேர்முகம் கிடையாது. யாரும் அவர்களிடம் பலவீனத்தைக் கேட்பதில்லை.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆள் எடுப்பவருக்கான பாடம் அது. அதில் 503, 504, 505 ஆகிய மூன்று குறள்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு முறையே கிடைக்கும். நன்றாகக் கற்ற, மாசற்ற ஆளிடமும் ஆராய்ந்தால் ஏதோ அறியாமை இருக்கும் என்கிறது முதலாவது. நல்லதையும் பார், கெட்டதையும் பார், எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவெடு என்கிறது அடுத்தது. உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்கும் கல் அவரவர் செயல்தான் என்கிறது மூன்றாவது. தேடிப் பார்க்கும் பொறுப்பைத் தேர்ந்தெடுப்பவர் மேல் வைக்கிறார் வள்ளுவர். வந்தவனையே அழைத்து 'உன் குற்றத்தை நீயே சொல்' என்று அவர் எங்கும் கேட்கச் சொல்லவில்லை. அது சோம்பேறி எஜமானின் வழி.

பேனலில் உட்காருகிறவர்கள் இதை மாற்றும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேர்காணல் முடிவில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று ஒப்புக்குக் கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் "நோ சார், தேங்க் யூ சார்" என்று ஓடி வந்துவிடுவார்கள். உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வேலையில் இதற்கு முன்னால் இருந்தவர்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?" தெரிந்தவர் பேனலில் இருந்தால் விவரமாகச் சொல்வார், உங்கள் குறை அங்கே இடிக்குமா, இடிக்காதா என்று அப்போதே தெரிந்துவிடும். யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் பலவீனம் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.