மிளகுக் கணக்கும் எரிமலையும்

சித்தூர் பக்கம் நல்லேப்பிள்ளியில் நிற்கும் பனைகளைக் கேட்டால் தெரியும், காற்று எங்கே நுழைகிறது என்று. குமரி வரை ஓடும் மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று போனது, தமிழும் மலையாளமும் போய் வந்தன, இப்போது லாரிகள் போகின்றன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிக் காசும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். மேற்கே திருச்சூர் பக்கத்து எய்யால், கிழக்கே பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் என்று கணவாயின் இரண்டு வாசலிலும் அந்தக் காசுகள் புதையலாகக் கிடைத்ததற்கு வேறு விளக்கம் தேடுவது சிரமம்.

போன காசுக்காக அங்கே ஒருவர் புலம்பினார். மூத்த பிளினி. கடற்படைத் தளபதி, 37 பாகங்களில் 'இயற்கை வரலாறு' எழுதியவர். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் கணக்கு. கருமிளகு ராத்தல் 4 தினாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று மளிகைக்கடைக்காரர் மாதிரி விலைப்பட்டியலும் தருகிறார். காரத்தைத் தவிர ஒன்றுமில்லாத இந்தப் பொருளுக்கு இத்தனை மவுசா என்று அவருக்கு ஆற்றாமை. அவர் ரசம் சாப்பிட்டதில்லை.

கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது பிளினி வளைகுடாவின் எதிர்க்கரையில் இருந்தார். வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர், உதவி கேட்டு ஓலை வந்ததும் கப்பல்களோடு போனார். மறுநாள் ஸ்டேபியே கடற்கரையில் புகைக்கு நடுவே இறந்தார். கூட வருகிறாயா என்று அவர் கேட்டதற்கு, படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் 17 வயது மருமகன். பாடப் புத்தகத்தால் உயிர் தப்பியவர் என்று வரலாற்றில் ஒருவர் உண்டென்றால் அவர்தான். அந்த வெடிப்பை நேரில் கண்டவர் சாட்சியமாக நமக்குக் கிடைத்திருப்பது அவர் பின்னாளில் எழுதிய இரண்டு கடிதங்கள்.

நேப்பிள்ஸிலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பெய் வந்துவிடும். தெருக்கற்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. மழைநீர் ஓடும்போது கால் நனையாமல் கடக்கத் தெருவின் குறுக்கே உயரக் கற்கள். சாப்பாட்டுக் கடை மேடையில் ஜாடிகள் பதித்த குழிகள். சாம்பல் இறுகி, உள்ளே உடல் மக்கிய வெற்றிடங்களில் 1863-ல் ஃபியோரெல்லி சாந்து ஊற்றி எடுத்த உருவங்களின் முன்னால் மட்டும் கூட்டம் பேசாமல் நிற்கும். ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்று 2024 நவம்பரில் கட்டுப்பாடு வந்தது. எரிமலைக்கும் பஸ் உண்டு. 1,281 மீட்டர் மலையில் கடைசித் தூரம் நடை. 1944-க்குப் பிறகு அது சும்மாதான் இருக்கிறது. அடிவாரத்து அபாய வட்டத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தியப் பயணி பார்க்க வேண்டியது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1938-ல் பொம்பெய் வீடொன்றில் கிடைத்த, ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே கூடுதலான தந்தப் பதுமை. லட்சுமி என்றார்கள், இப்போது யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள். அடியில் கரோஷ்டி எழுத்து இருப்பதால் தமிழ்நாட்டுப் பெண் அல்ல. கழுத்து நிறைய நகை, உடம்பில் துணியில்லை. அந்தக் குற்றத்துக்காக, ஆபாசப் பொருள்களுக்கென்று ஒதுக்கிய 'ரகசிய அறை'யில் நிற்கிறாள். நம் கோயில் தூண்கள் எல்லாவற்றுக்கும் அந்த அறையில் இடம் போதாது.

பொம்பெய் நகரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவில்லை. மண்ணுக்குள் இருப்பது பத்திரம், வருங்காலத்தில் இதைவிட நல்ல முறைகள் வரும் என்கிறார்கள். நம் பக்கம் மண்ணுக்குள் இருந்தது என்ன ஆயிற்று? நொய்யல் கரைக் கொடுமணலில் 1985-லிருந்து பல கட்டமாக நடந்த அகழாய்வில் கல்மணிப் பட்டறைகளும் தமிழ் பிராமி எழுதிய ஓடுகளும் வெளிவந்தன. அது நல்ல சேதி. வெள்ளலூர் கதை வேறு. 1842, 1891, 1931 என்று மூன்று முறை அங்கே ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன; முதல் முறை மட்டும் ஐந்நூறுக்கு மேல். அகஸ்டஸும் டைபீரியஸும் முகம் காட்டும் காசுகள். பிளினி கணக்கெழுதிய அதே செலவு.

நல்லேப்பிள்ளியிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் போனால் வெள்ளலூருக்கு விசா வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். போய் ரோமாபுரிக் காசு கிடைத்த இடம் எது என்று கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைப்பது அரிது. குப்பைக் கிடங்கு எது என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவார்கள். கோவை மாநகரின் குப்பை அங்கேதான் மலையாகக் குவிந்தது. 2024 ஏப்ரலில் அந்த மலை தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.