அடிக்கட்டையும் ஒரு பலகையும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிளைகளை வெட்டி வழிவிடுவதே பெரும்பாடு. பருத்த அடிக்கட்டைகளைப் பற்றி யார் யோசித்தார்கள்? ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இதே கதைதான்.

இரண்டு கட்டை, மேலே ஒரு பலகை. தெருப் பெரியவர்கள் உட்கார இது போதும். (சிமென்ட் பெஞ்ச் என்றால் உபயதாரர் பெயர்தான் முதலில் உட்காரும்.)

ஆனால் மரம் பார்த்து எடுக்க வேண்டும். வைரம் பாய்ந்த வேம்பும் புளியும் வெயில் மழைக்கு நிற்கும். முருங்கை, இலவு சீக்கிரமே உளுத்துவிடும். தென்னை இரண்டுங்கெட்டான்: வெளிவட்டம் உறுதி, நடுவில் வெறும் சோறு.

கட்டையை ஒன்றேகால் அடி உயரத்துக்கு அறுத்து, பட்டையை உரித்துவிட வேண்டும்; துளைக்கும் வண்டுகள் பல முட்டையிடுவது அதனடியில்தான். பச்சைக்கட்டை காயக் காய, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்து வெடித்த பிறகு, வெடிப்பில்லாத இடம் பார்த்துத் திருகாணி இறக்கினால் பலகை ஆடாது. அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

கட்டையை மண்ணில் நேரே வைப்பது கரையானுக்கு இலை போடுவது. அறுத்த முகம்தான் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அடியில் செங்கல்லோ ஜல்லியோ போட்டு, அந்த முகத்தில் எண்ணெயும் பூசிவிடலாம்.