ரேஷன் கடையில் கைரேகை ஜோசியம்!

நம் நாட்டில் கைரேகை பார்த்துச் சோதிடம் சொல்லுகிறவனை எல்லோரும் அறிவோம். கையை நீட்டச் சொல்லுவான். ரேகையைத் தடவிப் பார்ப்பான். உனக்கு யோகம் உண்டு, உனக்கு இல்லை என்பான். இது வயிற்றுப் பிழைப்புக்கான பித்தலாட்டம் என்று மக்கள் தெரிந்துகொள்ளுவதற்கே வெகுகாலம் பிடித்தது. இப்பொழுது வேறொரு ஜோசியன் வந்திருக்கின்றான். அவனும் கையைத்தான் நீட்டச் சொல்லுகிறான், ரேகையைத்தான் பார்க்கிறான், உனக்கு இம்மாதம் அரிசி உண்டு, உனக்கு இல்லை என்கிறான். பழைய ஜோசியன் சொன்னது பலிக்காவிட்டால் அவனுக்குக் கொடுத்த காசோடு போயிற்று. புதிய ஜோசியன் வாக்கோ சொன்ன இடத்திலேயே பலித்துவிடுகின்றது. இல்லை என்றால் இல்லைதான். பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாம் சொல்லுவது ரேஷன் கடையில் வைத்திருக்கிற கைரேகைக் கருவியைப் பற்றியாகும்.

இதைச் சொன்னவுடனே சில படித்த தோழர்கள், "என்னய்யா, பகுத்தறிவு பேசுகிறவர்களே விஞ்ஞானத்துக்கு விரோதம் பேசலாமா? மாட்டு வண்டிக் காலத்துக்கே போகச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்கக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. மனிதனுடைய பாட்டைக் குறைக்கிற எந்த இயந்திரத்தையும் நாம் இருகை நீட்டி வரவேற்கிறவர்களே. ஆனால் இயந்திரம் சொன்னதை மனிதன் மறுத்துக் கேட்கக் கூடாது என்றால், அது விஞ்ஞானம் என்கிற யோக்கியதையை இழந்து விக்கிரகமாகிவிடுகின்றது. விஞ்ஞானம் என்பதே சோதித்துப் பார், தப்பானால் திருத்து என்பதல்லவா? ஆகவே இந்தக் கருவியையும் சோதித்துப் பார்ப்போம்.

2013ஆம் வருஷத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், மிகமிக ஏழையான அந்தியோதயாக் குடும்பத்துக்கு 35 கிலோவும் கொடுக்க வேண்டும். அது பிச்சையல்ல, பார்லிமெண்டு செய்த சட்டம் கொடுத்த உரிமை. இதற்கிடையில் 2010 முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டு வந்தது. ஏழைக்குத் தான் யார் என்று காட்ட ஒரு அடையாளம் கிடைக்கும், போலி அட்டைகள் ஒழியும், திருட்டு நிற்கும் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல நோக்கந்தான். பிறகு அந்த எண்ணையும் கைரேகையையும் ரேஷன் அரிசியோடு முடிபோட்டார்கள்.

இனி நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கணக்கைச் சொன்னார். சர்க்கார் உதவிகளுக்காகச் செய்யப்படும் சோதனையில் 100க்கு 88 வீதம் வெற்றி. 100க்கு 12 வீதம் தோல்வி. பாங்கிகளிலும் டெலிபோன் கம்பெனிகளிலும் தோல்வி இதைவிடக் குறைவு. இது ஏன் என்று யோசித்தீர்களா? பாங்கியில் ரேகை வைக்கிறவன் பெரும்பாலும் பேனா பிடித்த கை. ரேஷன் கடையில் ரேகை வைக்கிறவன் மண்வெட்டி பிடித்த கை, கல்லுடைத்த கை, சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வெந்த கை, அறுபது வருஷம் பாத்திரம் துலக்கின கிழவியின் கை. உழைக்க உழைக்க ரேகை தேய்கிறது. உழைக்காமல் உட்கார்ந்திருந்தவனுடைய ரேகை பளிச்சென்று தெரிகிறது. ஆக, இந்தக் கருவி யாரைத் தெரியவில்லை என்று சொல்லுகின்றதென்றால், நாட்டுக்காக மிகுதியாய் உழைத்தவனையே அல்லவா?

அதன்பிறகு கண்ணைக் காட்டு, முகத்தைக் காட்டு, செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்லு என்று வேறு வழிகளும் சேர்த்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் கண்ணில் புரை விழுந்தவனும், செல்போன் இல்லாதவனும், சிக்னல் எட்டாத மலையில் இருப்பவனும் யார்? திரும்பவும் அதே ஏழைதானே!

"ரேகை ஒத்துப்போகவில்லை என்றால் அரிசி இல்லை என்று அர்த்தமல்ல" என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2017 அக்டோபர் 24ந் தேதி ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. கருவி வேலை செய்யாவிட்டாலும், ரேகை ஒத்துப்போகாவிட்டாலும், ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தனி நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அந்தக் காகிதம் எப்போது பிறந்தது? ஒரு பெண் குழந்தை செத்த பிறகு பிறந்தது.

ஜார்க்கண்டு மாகாணத்தில் சிம்டேகா ஜில்லாவில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்பதற்காக அந்தக் குடும்பத்தின் அட்டை முன்னதாகவே ஜாபிதாவிலிருந்து அடிக்கப்பட்டிருந்தது. பட்டினியால் செத்தாள் என்று பெற்ற தாய் சொன்னாள். இல்லை, மலேரியாவால் செத்தாள் என்று சர்க்கார் சொன்னது. நாம் வைத்தியர் அல்ல. ஆதலால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு ஏழைக் குடும்பத்தின் அரிசி அட்டையை ஒரு எண்ணைச் சேர்க்காததற்காக அடிக்கலாமா என்பதுதான் நம் கேள்வி. மலேரியா வந்த குழந்தைக்குக் கஞ்சி வேண்டாமா?

போகட்டும், திருட்டாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. அதே ஜார்க்கண்டில் முரளீதரன், நீஹவுஸ், சுக்தங்கர் என்கிற பொருளாதாரப் பேராசிரியர்கள் செய்து 2020இல் வெளியான ஆராய்ச்சி இருக்கின்றது. கைரேகைச் சோதனை வந்ததனால் மட்டும் திருட்டு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும், ஆதாரோடு அட்டையை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்துவந்தது சுமார் 100க்கு 10 வீதம் குறைந்துபோயிற்று என்பதும் அவர்கள் கண்டது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கின்றது? ரேஷன் கடைத் திருட்டு எப்படி நடக்கிறது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆளை மாற்றித் திருடுவது கொஞ்சம். எடையைக் குறைத்துத் திருடுவதே அதிகம். 5 கிலோ என்று எழுதுவான், 4 கிலோ போடுவான். பாட்டி தன் விரலை நேர்மையாக வைத்துவிட்டு 4 கிலோவோடு போனால், 5 கிலோ கொடுத்ததாக அந்தக் கருவியே சாட்சி சொல்லும்! திருடனுக்குக் கைரேகையோடு ரசீது கொடுத்த கதையாக முடிந்தது.

வேலையுறுதித் திட்டத்திலும் இந்தக் கூத்து நடந்தது. 2023 ஜனவரி முதல் வேலைத்தலங்களில் கூலியாட்களைத் தினம் இரண்டு தடவை செல்போனில் படம்பிடித்து அனுப்பினால்தான் வருகை என்றார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் மண் சுமந்த பெண்ணின் கூலிக்கு ஆபத்து வந்தது. திருடுகிறவனோ, பழைய படத்தையே திரும்பப் படம்பிடித்து ஏற்றினான். 2025 ஜூலையில் மத்திய கிராம வளர்ச்சி இலாகாவே இதை ஒப்புக்கொண்டு சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று.

நிற்க, இயந்திரத்தால் ஏழைக்கு நன்மையே வராதா என்றால், தாராளமாக வரும். வந்தும் இருக்கின்றது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 157 மண்டலங்களில், வேலையுறுதிக் கூலியையும் முதியோர் பென்ஷனையும் கைரேகை அட்டை மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். இதைச் சோதித்தவர்களும் மேலே சொன்ன அதே பேராசிரியர்கள்தான். கூலி சீக்கிரம் கைக்கு வந்தது. வேலையுறுதிப் பணத்தில் நடந்த கசிவு 100க்கு 41 வீதம் குறைந்தது என்று 2016இல் வெளியிட்டார்கள். அங்கேயும் கைரேகை, இங்கேயும் கைரேகை. அங்கே நன்மையும் இங்கே தீமையும் ஏன்? அங்கே அட்டை வாங்காதவனுக்கும் பழைய முறையில் பணம் கிடைத்தது. அட்டை இல்லையென்பதற்காக விரட்டவில்லை. இங்கே ரேகை இல்லையென்றால் சோறு இல்லை என்றார்கள். ஆகவே குற்றம் கருவியில் இல்லை. கருவி தவறினால் தண்டனை யாருக்கு என்று எழுதின சட்டத்தில் இருக்கின்றது.

இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். சத்தீஸ்கரில் ரேஷனைச் சீர்திருத்தினபோது முதலில் ஏழையின் விரலைப் பிடிக்கவில்லை. 2004இல் தனியார் கையிலிருந்த கடைகளைப் பிடுங்கிப் பஞ்சாயத்துகளுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு கணினியை வைத்துக் கிடங்கிலிருந்து கடைவரை கணக்குப் பார்த்தார்கள். லாரி கிளம்பினால் ஊராருக்குச் செல்போனில் செய்தி வரும்படி செய்தார்கள். ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில், எந்த உதவி யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதை எவரும் கேளாமலே பார்க்கும்படி ஜன் சூச்சனா என்கிற தகவல் தளத்தைத் திறந்தார்கள். ஏழை மக்களின் சங்கங்கள் வெகுகாலம் போராடிக் கேட்டதன் பலன் அது. இங்கெல்லாம் இயந்திரத்தின் கண் மேலே திருப்பப்பட்டது. லாரியைப் பார்த்தது, கிடங்கைப் பார்த்தது, அதிகாரியைப் பார்த்தது.

அதனால்தான் கேட்கின்றோம்: விஞ்ஞானத்தின் கண் எந்நேரமும் ஏழையையே முறைத்துப் பார்ப்பானேன்? எடைபோடுகிறவனைப் பார்க்கட்டுமே! கிடங்கிலிருந்து எத்தனை மூட்டை எப்போது கிளம்பிற்று என்று கடை வாசலில் எழுதட்டுமே! பல கோடி ரூபாய்க் கடனைக் கட்டாதவனை நம்பி உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிற நாட்டில், 5 கிலோ அரிசிக்கு வந்தவனை மட்டும் மாதாமாதம் "நீதானா நீ?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? இது வயிற்றுப் பிரச்சினை மாத்திரமல்ல, மானப் பிரச்சினையுமாகும்.

நாம் வேண்டுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலாவது, கருவி தவறினால் சந்தேகத்தின் பலன் ஏழைக்கே. அரிசியை முதலில் கொடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, அந்தத் தனி நோட்டு ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். இருக்கிறது என்பது பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, தராசைக் கருவியோடு இணைத்து, போட்ட எடையே ரசீதில் வரும்படி எங்கும் செய்ய வேண்டும். நான்காவது, நடக்க முடியாதவனை இயந்திரத்திடம் வரச் சொல்லாமல் அரிசி அவனிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே முடியாது என்று எவரும் சொல்ல முடியாது.

இதெல்லாம் கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நகடி என்கிற வட்டாரத்தில் 2017 அக்டோபரில் ஒரு புது ஏற்பாடு வந்தது. அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கினவர்கள், இனி பாங்கியில் பணம் விழுந்ததா என்று போய்ப் பார்த்து, அதை எடுத்து வந்து, கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் பாங்கிக்கும் கடைக்கும் நடந்து நடந்து அலுத்தார்கள். தலையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. 2018 பிப்ரவரியில் ராஞ்சிக்கே நடந்துபோய்க் கேட்டார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில் சர்க்கார் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

ஆதலால் தோழர்களே! அடுத்த முறை கடைக்காரர் "மெஷின் உன்னைத் தெரியவில்லை என்கிறது" என்று சொன்னால், வெட்கப்பட்டுக்கொண்டு விரலைத் துடைத்துத் துடைத்து வைக்காதீர்கள். "மெஷினுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், உமக்கு என்னைத் தெரியுமல்லவா? நோட்டை எடும், எழுதும், அரிசியைப் போடும்" என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்களும் கூடச் சேர்ந்து கேளுங்கள்.