அநாதைப் பிள்ளையும் காத்திருக்கும் இல்லமும்

ஆதரவற்ற குழந்தை ஒன்றை ஏற்று வளர்ப்பது நற்செயல் என்பதை யாவரும் அறிவர். ஆனால், ஏற்பதென முடிவு செய்த நாளுக்கும் குழந்தை வீடு வந்து சேரும் நாளுக்கும் இடையே ஒரு குடும்பம் வாழ்கின்ற வாழ்க்கையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. குழந்தை அயல்நாட்டில் இருக்குமாயின் அந்த இடைவெளி மாதங்களைக் கடந்து ஆண்டுகளாகவும் நீளும். கருவுற்ற தாய்க்குப் பத்து மாதம் என்றொரு கணக்கு உண்டு. இவர்களுக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை.

மொராக்கோ நாட்டிலிருந்து குடிபெயர்ந்து பிரான்சிலும் ஸ்பெயினிலும் வாழ்கின்ற முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நேரடி அனுபவம். தாயகத்து அநாதை இல்லத்தில் உள்ள குழந்தையை வளர்க்க விரும்புவோர் பின்பற்றும் வழிக்குக் 'கஃபாலா' என்று பெயர். பொறுப்பேற்றுப் பேணுதல் என்பது அதன் பொருள். ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையும், தன் 20ஆம் பிரிவில் இச்சொல்லை இடம்பெறச் செய்து, ஆதரவற்ற குழந்தையைப் பேணும் முறைகளுள் ஒன்றாக இதனை ஏற்றுக் கொண்டுள்ளது.

இச்சொல்லின் வேர் அருள்மறையில் உள்ளது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 37ஆம் வசனம், மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா நபி (அலை) அவர்களின் பொறுப்பில் இறைவன் ஒப்படைத்த செய்தியைக் கூறுமிடத்தில் இவ்வேர்ச்சொல்லையே ஆள்கிறது. அடுத்த வசனத்தில்தான், பிள்ளைப்பேறு இல்லாத அந்த முதியவர் தமக்கொரு சந்ததியை வேண்டிக் கையேந்துகிறார். தம் பிள்ளைக்காகக் காத்திருந்த காலத்திலேயே பிறர் பிள்ளையைப் பேணியவர் அவர். காத்திருக்கும் இல்லங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு ஏது?

'இஸ்லாத்தில் தத்து எடுத்தல் இல்லை. ஆகவே பிறர் பிள்ளையை வளர்ப்பதும் கூடாது' என்று நம்மிடையே சிலர் கருதுகின்றனர். இது பிழையான எண்ணம். மார்க்கம் தடுத்தது வளர்ப்பதை அன்று. குழந்தையின் வம்சத்தை மறைத்து, தான் பெற்ற பிள்ளை என்று பொய்யுரைப்பதையே. அநாதையைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் இரு விரல்களை உயர்த்திக் காட்டி உணர்த்தியிருக்கிறார்கள்.

ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். சிறுவயதில் கடத்தப்பட்டு, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வழியாகப் பெருமானாரின் இல்லம் சேர்ந்தவர் அவர். தந்தை ஹாரிஸா மகனைத் தேடித் தேடி, இறுதியில் மீட்புத் தொகையுடன் மக்கா வந்தார். முடிவைப் பெருமானார் அவர்கள் ஜைதிடமே விட்டார்கள். பெருமானாருடன் தங்கிவிடவே ஜைத் விரும்பினார். அதன்பின் 'முஹம்மதின் மகன் ஜைத்' என்றே அவர் அழைக்கப்பட்டார். பின்னாளில் அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் அருளப்பட்டபோது அவருக்குத் தந்தையின் பெயர் திரும்பக் கிடைத்தது. பெயர் மாறியதே தவிர அன்பு மாறவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போருக்குப் படைத்தலைவராக அனுப்பப்பட்டு, அங்கே ஷஹீதானார். நபித்தோழர்களுள் திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே.

இவ்வரலாற்றில் ஹாரிஸாவை நாம் மறந்துவிடலாகாது. ஒரு வீடு குழந்தையின் வரவை எதிர்பார்த்திருக்கும்போது, அதே குழந்தையை இழந்த மற்றொரு வீடும் எங்கோ காத்திருக்கக்கூடும். வம்சத்தை மறைக்காதே என்ற கட்டளை அந்த வீட்டின் உரிமையையும் காக்கிறது.

மொராக்கோவில் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 15-01 எண்ணுள்ள கஃபாலாச் சட்டம் இந்த நோக்கத்தையே நடைமுறையாக்கியது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய அறிவிப்பு மூன்று மாத காலம் பொது அலுவலகங்களில் ஒட்டப்படும். பெற்றோர் எவரும் உரிமை கோரி வராவிடில்தான் அது கைவிடப்பட்ட குழந்தை என்று நீதிமன்றம் அறிவிக்கும். பொறுப்பேற்க முன்வருவோரின் ஒழுக்கமும் வசதியும் விசாரிக்கப்படும். 12 வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும். குழந்தையை அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்ல நீதிபதியின் அனுமதி தேவை. இவற்றுக்கெல்லாம் ஆகும் காலத்தை வீண் என்று எவரும் சொல்ல இயலாது.

ஆயினும், காத்திருக்கும் வீட்டுக்குள் நிலைமை என்ன? சம்பளச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் முந்தையது காலாவதியாகிவிடும். பயணத்துக்காகப் பணத்தையும் விடுப்பையும் சேமிக்க வேண்டும். பெருநாளுக்குத் துணி எடுக்கையில், காணாத பிள்ளைக்கும் ஒரு சட்டை எடுக்கலாமா, அளவு என்னவாக இருக்கும் என்ற பேச்சு எழும். முதல் புகைப்படத்தில் தவழ்ந்த குழந்தை அடுத்த படத்தில் எழுந்து நிற்கும். "தம்பி எப்போது வருவான்?" என்று மூத்த பிள்ளை கேட்கும். உறவினர் கேட்பதோ வேறு விதம்: "சொந்தப் பிள்ளைக்கு இன்னும் முயன்று பார்க்கக் கூடாதா?" அந்த வீட்டுப் பெண்மணியின் நெஞ்சில் இந்தக் கேள்வி முள்ளாய்த் தைக்கும்.

சட்டத்தின் நிதானம் வேறு. அலுவலகத்தின் அலட்சியம் வேறு. 2012 செப்டம்பரில் மொராக்கோ நீதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. நாட்டில் நிலையாக வசிக்காத அயல்நாட்டினருக்குக் கஃபாலா வழங்க வேண்டாம் என்று அது கூறியது. எல்லை தாண்டிய பின் குழந்தையின் நலனையும் மார்க்கத்தையும் கண்காணிக்க இயலாது என்பதும், சில நாடுகளில் கஃபாலா முழுத் தத்தாக மாற்றப்படுகிறது என்பதும் அதன் பின்னிருந்த கவலைகள். கவலை நியாயமானதே. ஆனால், விண்ணப்பித்துவிட்டு, அநாதை இல்லம் சென்று குழந்தையைக் கண்டு, அதன் முகமும் பழகிவிட்ட ஸ்பெயின் குடும்பங்கள் நடுவழியில் நின்றன. தன்னைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் ஏன் வரவில்லை என்று குழந்தைக்கு யார் விளக்குவது? புதிய விதி புதிய விண்ணப்பங்களுக்கே பொருந்துமாறு வகுக்கப்பட்டிருப்பின் இத்துயரைத் தவிர்த்திருக்கலாம் என்பது நமது கருத்து.

தாமதம் மார்க்க நோக்கிலும் ஓர் இழப்பை உண்டாக்குகிறது. இரண்டு வயதுக்குள் பாலருந்தினால் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் அது தனித்தனியாக ஐந்து முறை நிகழ்ந்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவும் போதும். மனைவியின் சகோதரி பால் கொடுத்தால், வளரும் ஆண்பிள்ளைக்கு அம்மனைவி மஹ்ரமாகிய சிற்றன்னையோ பெரியன்னையோ ஆகிவிடுவாள். கணவனின் சகோதரி கொடுத்தால், பெண்பிள்ளைக்குக் கணவன் தாய்மாமன் ஆகிவிடுவான். நாளை அக்குழந்தை பருவமடைந்த பின் ஒரே வீட்டில் திரையின்றிப் பழக இது வழி செய்யும். ஆறு மாதக் குழந்தைக்காக விண்ணப்பித்த குடும்பத்திடம் அது இரண்டரை வயதில் வந்து சேருமானால், அந்த வாசல் அடைபட்டுப் போகும். கோப்பை மேசையில் உறங்கவிடும் அதிகாரி இதனை உணர வேண்டும்.

இந்தத் தாமதத்தைக் காட்டி, மருத்துவமனை வாசலிலோ இடைத்தரகர் மூலமோ கைக்குக் கை குழந்தையை வாங்கி, பொய்யான பிறப்புச் சான்று பெறுவோரும் உளர். இது சட்டப்படி குற்றம். மார்க்கப்படியும் வம்சத்தைப் பொய்யாக்கும் பாவம். இந்தியாவில் நேர்வழிகள் இல்லாமல் இல்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் மூலம் காப்பாளர் ஆகலாம். அப்பொறுப்பு குழந்தையின் 18 வயதோடு முடியும். எச்சமயத்தவரும் இளையோர் நீதிச் சட்டத்தின் கீழ்த் தத்து எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. விரும்புவோர் அதனைத் தேர்ந்துகொள்ளலாம், எவர்மீதும் கட்டாயமில்லை என்பதையும் அத்தீர்ப்பே தெளிவாக்கியது. எவ்வழியில் சென்றாலும் குழந்தையின் வம்ச உண்மையைக் காப்பது நம் கடமை.

ஆகவே, காத்திருக்கும் காலத்தைக் கவலையில் மட்டும் கழித்துவிடலாகாது. அக்காலத்தில் செய்து முடிக்க வேண்டிய பணிகள் உள்ளன. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம், வாழ்நாளிலேயே அன்பளிப்பாகவும் வழங்கலாம். நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, குழந்தையை நடுத்தெருவில் நிறுத்தியோர் கதை நாம் அறியாததன்று. பிறப்பைப் பற்றிய உண்மையைக் குழந்தைக்கு எப்போது, எவ்வாறு சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடிவு செய்தல் வேண்டும். இல்லையேல் அயலார் வாயிலிருந்து அது இடியாய் இறங்கும். பாட்டன் பாட்டியரும் பெரிய வாப்பா, சாச்சா மார்களும் அக்குழந்தையைத் தம் பிள்ளைகளுக்குச் சமமாகக் கருதும்படி அவர்களின் மனத்தைப் பண்படுத்துதலும் வேண்டும்.

நம் சமுதாயத்துக்கும் கடமை உண்டு. காத்திருக்கும் தம்பதியரைத் துருவித் துருவிக் கேட்காதிருப்போம். குழந்தை வந்த பின் 'வளர்ப்பு' என்ற சொல்லை அதன் காதுபடக் குத்தலாய்ச் சொல்லாதிருப்போம். பெருமானார் (ஸல்) அவர்களே தந்தையைக் காணாமல் பிறந்து, ஆறு வயதில் அன்னையை இழந்து, ஹலீமா நாயகியின் மடியிலும், பாட்டனாரின் அரவணைப்பிலும், பெரிய தந்தையின் நிழலிலும் வளர்ந்தவர்கள் அல்லவா?

எங்கோ ஓர் அநாதை இல்லத்தில் கதவைப் பார்த்துக் கிடக்கும் குழந்தைக்கும், எங்கோ ஒரு வீட்டில் தொலைபேசி மணியை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர்க்கும் இடையே உள்ள தூரத்தை வல்ல நாயன் குறைத்தருள்வானாக! ஆமீன்.