போரடிக்குதா? உடனே போனை எடுக்காதீங்க!

சாயங்காலம் திருநெல்வேலி கீழரத வீதிப் பக்கம் போயிருக்கீங்களா? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசை நீண்டு நிற்கும். முன்னாடி எல்லாம் அந்த வரிசையில "அண்ணாச்சிக்கு எந்தூரு?"னு பேச்சு ஆரம்பிச்சா, அல்வா கைக்கு வர்றதுக்குள்ள ஒரு சொந்தமே கிளம்பிடும். இப்போ எல்லாத் தலையும் குனிஞ்சிருக்கு. கட்டைவிரல் மட்டும் ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே இருக்கு.

"சும்மா நின்னா போரடிக்குமே, வேற என்ன பண்ண?" நியாயமான கேள்விதான். ஆனா, தள்ளத் தள்ள அந்தச் சலிப்பு போகுதா?

தாவினால் தீருமா?

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 7 சோதனைகளில் பார்த்து, 2024-ல் முடிவை வெளியிட்டாங்க. வீடியோ விட்டு வீடியோ தாவினால் போரடிக்காதுன்னுதான் பங்கேற்றவர்கள் நினைச்சாங்க. நடந்தது நேரெதிர். ஒரே வீடியோவை 10 நிமிஷம் பார்த்தப்போ இருந்ததைவிட, இஷ்டத்துக்குத் தாவினப்போதான் சலிப்பு அதிகமா இருந்தது. எதிலும் முழுசா மனசு ஒட்டாததுதான் காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பசிக்கு நொறுக்குத்தீனி தின்ன மாதிரி. வாய் ஓயாது, வயிறும் நிறையாது.

அப்போ சும்மா இருந்துட்டா போச்சுன்னு நினைக்கலாம். அது அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வில், 15 நிமிஷம் தனியா, எதுவும் செய்யாம உட்காரச் சொன்னாங்க. பக்கத்துல லேசான ஷாக் கொடுக்கும் பட்டன். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கிட்டாங்க. நம்மோடு நாமே உட்காருவது அவ்வளவு கஷ்டம். ஆனா, அந்தக் கஷ்டத்தைத் தாண்டினால்தான் விஷயமே இருக்கு.

சலிப்பு தரும் பரிசு

இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்துல, சிலரை டெலிபோன் டைரக்டரியைப் பார்த்து நம்பர்களை எழுதச் சொன்னாங்க. படு போரான வேலை! பிறகு, சாதாரண கப்புகளை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேட்டப்போ, போரடிச்சவங்களிடம்தான் யோசனைகள் அதிகமா வந்தன. வெளியே எதுவும் கிடைக்காதப்போ மூளை உள்ளே தேட ஆரம்பிக்குது. பழைய ஞாபகம், நாளைக்குச் செய்ய வேண்டியது, தள்ளிப்போட்ட முடிவு எல்லாம் மேலே வருவது அப்போதான்.

தாமிரபரணிக் கரையில இதுக்குன்னே இடங்கள் இருக்கு. குறுக்குத்துறைப் படித்துறையில ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்க. தண்ணிக்குள்ள காலை விட்டா மீன் வந்து கடிக்கும். எதிரே ஆத்துக்கு நடுவுல முருகன் கோயில். முதல் 5 நிமிஷம் கை தானா பாக்கெட்டுக்குப் போகும். விடுங்க. பத்தாவது நிமிஷம், வேலை விஷயமா அப்பாகிட்ட எப்படிப் பேசறதுன்னு ஒரு வழி தெரியலாம்.

இப்படி ஆரம்பிக்கலாம்

* திருச்செந்தூர் பாசஞ்சரில் போறப்போ ஸ்ரீவைகுண்டம் வரைக்குமாவது போன் பையிலேயே இருக்கட்டும். ஜன்னல்ல வயலும் வாழையும் ஓடும்.
* பஸ்ஸுக்கு, டீக்கு, நண்பனுக்குக் காத்திருக்கும் நேரத்துல போனை எடுக்காதீங்க.
* தினமும் 10 நிமிஷம் போதும். பாட்டு, பாட்காஸ்ட் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம்: நாள்கணக்குல எதிலுமே பிடிப்பில்லாம, மனசு பாரமா இருந்தா அது வெறும் சலிப்பு இல்லை. டாக்டரைப் பாருங்க.

போன் கெட்டதுன்னு யாரும் சொல்லலை. படிப்பும் வேலையும் அதுலதான் நடக்குது. ஆனா, கோதுமையை ஊறவெச்சு, பால் எடுத்து, பதம் வர்ற வரைக்கும் கிண்டினால்தான் அல்வா. மனசுக்கும் கொஞ்சம் ஊற நேரம் வேணும். அடுத்த தடவை அந்த வரிசையில நிக்கும்போது, பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்து நீங்களே கேளுங்களேன்... "அண்ணாச்சிக்கு எந்தூரு?"